மூன்றாவது வரி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் தென்பொய்கை மருந்தச்சுக் கூடத்தின் கணினித் திரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம், வலது கீழ் மூலையில் ஒட்டியிருந்த பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். எடுத்த இடத்தில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம் இருந்தது. அதற்குள் ‘1’ என்று ஒரு எண் இருந்தது.

அதையும் அழுக்கு என்று நினைத்து இரண்டு தடவை அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. அப்புறம்தான் அது கண்ணாடிக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது என்று உறைத்தது.

அந்தப் பொட்டின் கதையைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மருந்தச்சு அருகில் சந்தனம், தண்ணீர், தேங்காய் எதுவும் கூடாது என்று. கூடத்துப் பொறுப்பாளர் சிற்றம்பலம் விதி என்றால் விதிதான் என்று இருப்பவர். ஆனால் பூஜை என்றால் பூஜைதான் என்றும் இருப்பவர். இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைத்தெருவில் போய் சந்தனமும் குங்குமமும் அச்சடித்த ஸ்டிக்கர் அட்டை ஒன்று வாங்கி வந்தார். ஈரமும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. நடுவில் ஒட்டினால் வேலை பார்க்க முடியாது என்று திரையின் மூலையாகப் பார்த்து அவர் கையாலேயே ஒட்டினார். பூஜைக்கு வைத்ததை இடையில் யார் பிய்ப்பார்கள்? ஒரு வருஷம் அது அங்கேயே இருந்தது. நல்ல பசை.

மருந்தச்சு என்பது இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு இயந்திரம். ஒரு மாநிலத்திலேயே முப்பது நாற்பது பேருக்கு மட்டும் வருகிற நோய்க்கு எந்த நிறுவனம் மாத்திரை போடும்? போடவில்லை. அதனால்தான் மாவட்டத்துக்கு ஒன்றாக இந்த இயந்திரத்தை அரசு வைத்தது. மருந்தின் வேதிக் கட்டமைப்பு ஒரு கோப்பாக வரும். தாளில் வரைந்ததைப் போலத் தட்டையாக இருக்கும் அந்தப் படத்தை மென்பொருள் உள்ளே வாங்கி, முப்பரிமாண மூலக்கூறாக நிமிர்த்தித் திரையில் நிறுத்தும். ஒரு மனிதர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ‘எச்சரிக்கைகள்: 0’ என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் இயந்திரம் வேலையைத் தொடங்கும். தென்பொய்கையில் அந்த மனிதர் தங்கபுஷ்பம். ஒன்பது நோயாளிகள், மாதம் ஒன்பது படிவம். எல்லாவற்றிலும் பூஜ்யம்.

அன்று காலையில் அவள் உள்ளே வாங்கியிருந்தது காஜா மைதீனின் கோப்பு. முக்கோணத்தைத் தொட்டாள். ஒரு வரி விரிந்தது.

‘ஏழாம் கார்பனின் கை குறிக்கப்படவில்லை. இடக்கை எனக் கொள்ளப்பட்டது.’

மற்ற எட்டுக் கோப்புகளையும் ஒவ்வொன்றாக உள்ளே வாங்கிப் பார்த்தாள். எல்லாம் பூஜ்யம். இது ஒன்றுக்குத்தான் ‘1’. காஜா மைதீன் மாத்திரை வாங்க ஆரம்பித்து பதினோரு மாதம் ஆகிறது. பொட்டுக்கு வயது பன்னிரண்டு மாதம். தங்கபுஷ்பம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“சார், கொஞ்சம் வாங்க.”

சிற்றம்பலம் வந்தார், குனிந்தார், படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“கை குறிக்கலைன்னா வலதை அமுக்கணும்னு சர்க்குலர் இருக்கேம்மா.”

“எச்சரிக்கை கண்ணுல பட்டாத்தானே சார் அமுக்குறது? அது மேல உங்க பொட்டு இருந்துச்சு.”

“என் பொட்டா?” என்றார். பிறகு மேசைமேல் கிடந்த பொட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

வலக்கை, இடக்கை என்பது வேறொன்றும் இல்லை. ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே வரிசை. ஆனால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம், ஒரு ஜோடிச் செருப்பைப் போல. இடது செருப்பை வலது காலில் மாட்டினால் அன்றைக்கு நடந்துவிடலாம், மறுநாள் கொப்புளம் சொல்லும். மருந்தில் கொப்புளம் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? பதினோரு மாதமாகக் காஜா மைதீன் விழுங்கியது தலைமையகம் சொன்ன மருந்து இல்லை. அதன் கண்ணாடிப் பிம்பம்.

“பாய்க்கு ஏதாச்சும் கோளாறா?” என்று கேட்டார் சிற்றம்பலம், தாழ்ந்த குரலில்.

“அதுதான் சார் எனக்குப் புரியல. அவர் நல்லாயிட்டாரே!”

காஜா மைதீன் அரசுப் பேருந்து ஓட்டுநர். மற்ற மாவட்டங்களில் தானே ஓடும் பேருந்துகள் வந்துவிட்டன. தென்பொய்கைச் சாலைகளையும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு அவை திரும்பிப் போய்விட்டன. ஆகவே இங்கே இன்னும் ஆள்தான் ஓட்ட வேண்டும். அவருடைய குடும்பத்தில் வருகிற நோய் அது. நாற்பது தாண்டினால் கை நடுங்கும், பிறகு தேநீர் டம்ளர் பிடிக்க முடியாது, பிறகு எதுவுமே பிடிக்க முடியாது. மூன்று வருஷம் பணிமனையில் டோக்கன் போட உட்கார வைத்திருந்தார்கள். மாத்திரை ஆரம்பித்து ஆறாம் மாதம் தகுதிச் சோதனையில் தேறி மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மாதாமாதம் கூடத்துக்கு வந்து தாளில் ஒரு சுருள் வரைய வேண்டும், நடுவில் தொடங்கி வெளியே வெளியே. முதல் மாதச் சுருள் முள்வேலி. ஆறாம் மாதச் சுருள் ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருந்தது.

மருந்து உடம்பில் பொருந்துமா என்று கணித்துக் காட்டும் மாதிரித் திரையைத் தங்கபுஷ்பம் திறந்தாள். நோய் பிடித்த புரதத்தை நிறுத்தி அதன் பள்ளத்தில் வலக்கை மூலக்கூறை வைத்தாள். சொகுசாக உட்கார்ந்தது. இடக்கையை வைத்தாள். புரதம் அதை வெளியே துப்பியது. மூன்று தடவையும் அப்படித்தான்.

“பாத்தியா? வலதுதான்,” என்றார் சிற்றம்பலம். “பேசாம வலதை அமுக்கு. இந்த மாசத்துலேர்ந்து ஒழுங்கா போகட்டும். பழைய படிவத்தை யாரு தோண்டப் போறா? எனக்கு இன்னும் அஞ்சு மாசம்தாம்மா சர்வீஸ்.”

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, பயமும் இருந்தது. அவளுக்கும் பயம்தான். பதினோரு பொய்ப் பூஜ்யங்களுக்குக் கீழே இருப்பது அவள் கையெழுத்து. ஒரு விசையை அமுக்கினால் எல்லாம் விதிப்படி ஆகிவிடும். விரலை விசைமேல் வைத்துக்கூடப் பார்த்தாள்.

ஆனால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது.

“மாத்திரை வேலை செய்யாதுன்னா பாய் எப்படி சார் வண்டி ஓட்டுறார்?”

“ஒருத்தருக்கு நல்லாச்சுன்னா அது கதை. மாநிலத்துல இந்த மருந்து சாப்பிடுற முப்பத்தெட்டு பேர்ல எத்தனை பேருக்குன்னு பாக்கணும்.”

“அதையும்தான் பாத்தேன். நோட்டீஸ் போர்டுல தொங்குது. முப்பத்தெட்டு பேர்ல முப்பத்தேழு பேருக்கு ஒண்ணும் கேக்கல. இந்த இருபதாம் தேதி சென்னையில மருந்துக் குழு கூடி இந்த மருந்தையே நிறுத்தப் போறாங்க. மத்த ஊர்ல எல்லாம் ஒழுங்கா வலதை அமுக்கியிருப்பாங்க இல்லையா சார்? அவங்க திரையில பொட்டு இல்லையே.”

இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். அந்த இடம் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

தங்கபுஷ்பம் செய்த அடுத்த காரியத்தை அந்தக் கூடத்தில் யாரும் செய்து பார்த்ததில்லை. கோப்பை மென்பொருளில் திறக்காமல் வெறும் எழுத்தாகத் திறந்தாள். உள்ளே பத்தி பத்தியாக எண்கள். எந்த அணு எங்கே நிற்கிறது, எது எதோடு கைகோத்திருக்கிறது என்ற விவரம். அதற்கு மேலே, தலைப்பில், மூன்று வரிகள். அவை இயந்திரத்துக்கானவை அல்ல, ஆட்களுக்கானவை. முதல் வரி மருந்தின் பெயர். இரண்டாவது, யார், எப்போது செய்தது. மூன்றாவது வரி குறிப்புக்கு. எழுதினால் எழுதலாம், விட்டால் விடலாம். கோப்பை உள்ளே வாங்கும்போது மென்பொருள் அந்த மூன்றாவது வரியைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டாவது வரியில் ‘சா.வே.’ என்று இரண்டு எழுத்தும் இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியும் இருந்தன. மூடிப்போன ஏதோ ஓர் ஆய்வகத்துப் பழைய கோப்பு. மூன்றாவது வரியில் ஆங்கில எழுத்துகளில் என்னவோ உளறல். தங்கபுஷ்பம் அதை வாய்விட்டுப் படித்தாள். படிக்கப் படிக்க அது தமிழாயிற்று.

‘இடது தான் வேலை செய்யுது. வலது வெறும் மாவு. லீவு முடிஞ்சு வந்து குறிக்கிறேன்.’

அவள் அந்தத் தேதியை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டாள்.

“லீவுல போனவர் வரலையா?” என்றார் சிற்றம்பலம்.

அவள் தேடினாள். அரை மணி நேரத்தில் கிடைத்தது. அதே வருஷம், அந்தத் தேதிக்கு நாலாம் நாள், ஓர் ஆய்வகச் செய்திமடலில் நான்கு வரி இரங்கல். சாமுவேல் வேதமுத்து, வயது முப்பத்தொன்பது, சாலை விபத்து. நாலு நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்துத்தானே எழுதியிருப்பார்! அவர் விட்டுப்போன ஒரே ஒரு குறியை இருபத்தாறு வருஷம் கழித்து ஒரு சுற்றறிக்கை, இந்த வகை மருந்தெல்லாம் பெரும்பாலும் வலதுதான் என்று சொல்லி, தப்பாகப் பூர்த்தி செய்துவிட்டது.

“மாதிரி வலதுன்னு சொல்லுது. செத்துப்போன மனுஷன் இடதுன்னு சொல்றார். குழு யாரை நம்பும்?” என்றார் சிற்றம்பலம்.

பதினோரு மணிக்குக் காஜா மைதீன் வந்தார், சீருடையோடு, கையில் பணிமனைப் பூஜைப் பொரிப் பொட்டலத்தோடு. வழக்கம்போல் சுருள் வரைய உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜாங்கிரி கொஞ்சம் நெளிந்தது. போன மாதமும் லேசாக நெளிந்ததை அவள் தூக்கமின்மை என்று எழுதியிருந்தாள்.

“பாய், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்பட்டாலும் பரவால்ல, முழுசா கேளுங்க.”

சொன்னாள். செருப்புக் கதை, பொட்டு, பூஜ்யம், மூன்றாவது வரி, ஒன்றும் விடவில்லை. அவர் கோபப்படவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப எங்க ராத்தாவுக்கு வர்றது?”

ராத்தா என்பது அவருடைய அக்கா ரஹ்மத் பீவி. பக்கத்து மாவட்டத்தில் இருப்பவள். அதே நோய், அதே பெயர் போட்ட மாத்திரை. அவளுக்கு ஏன் கேட்கவில்லை என்று இவர் மாதாமாதம் கேட்பதும், உடம்புக்கு உடம்பு மாறும் பாய் என்று தங்கபுஷ்பம் மாதாமாதம் சொல்வதும் வழக்கம். அந்தப் பதிலை இப்போது நினைத்து அவளுக்குக் கூசியது.

“அவங்களுக்கு வர்றது வலது, பாய். வெறும் மாவு.”

காஜா மைதீன் சிற்றம்பலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“மேடம், நானும் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். ரெண்டு மாசமா என் மாத்திரையில பாதிய ராத்தாவுக்குக் கொடுத்துட்டு வாரேன். ஒருத்தர் பேர்ல அச்சடிச்சத இன்னொருத்தருக்குக் கொடுத்தா ஜெயிலுன்னு தெரியும். அவ ஸ்பூன புடிச்சு சோறு திங்க முடியாம அழுவுறத பாத்துட்டு எப்படி மேடம் சும்மா இருக்கிறது? அவங்க ஊர் மாத்திரைய நிறுத்திட்டு என்னோடதைத்தான் முழுங்குறா.”

“இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“போன வாரம் அவளே எனக்கு மீன் முள்ளு எடுத்துக் கொடுத்தா.”

சிற்றம்பலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒருத்தருக்கு நல்லானால் கதை. இரண்டாவது ஆள் வந்துவிட்டால் அது வேறு ஏதோ ஆகத் தொடங்குகிறது.

விதிப்படி இனி ஒரு இடக்கை மாத்திரைகூட அச்சடிக்க முடியாது. காஜா மைதீனிடம் மிச்சம் இருந்தது இருபத்து நான்கு. ஒரு ஆளுக்கு நாளைக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு நாள். குழு கூடவும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

“முழுசும் ராத்தா சாப்பிடட்டும்,” என்றார் அவர். “அவ குழு முன்னாடி வந்து சுருள் வரையட்டும். நான் இன்னிக்கே வண்டிய ஒப்படைச்சிடுறேன். அறுபது பேர் உக்காந்து வர்ற வண்டி, சந்தேகத்தோட ஓட்டக் கூடாது.”

“நடுக்கம் திரும்பிடும், பாய்.”

“தெரியும் மேடம். அதையும் அவங்க பாக்கட்டும்.”

அவர் போன பிறகு தங்கபுஷ்பம் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். பதினோரு தேதிகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் தான் பார்க்காமலே பூஜ்யம் போட்டதை எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டாள். சிற்றம்பலம் அவள் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டு நின்றார்.

“கண்டிப்பா சஸ்பென்ஷன்தான்.”

“ஆமா சார்.”

அவர் குப்பைக்கூடையைக் குடைந்து பொட்டைத் தேடி எடுத்தார். அதில் ஒட்டியிருந்த பென்சில் சீவலைத் தட்டிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி, அடியில் அழகான கையெழுத்தில் எழுதினார். ‘இணைப்பு மூன்று. மேற்படி பொட்டு. ஒட்டியவர்: பொறுப்பாளர் சிற்றம்பலம்.’ விதி என்றால் விதிதான்.

இருபதாம் தேதி சென்னையில் குழுவின் முன்னால் தம்பியும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் மாதிரியைத்தான் காட்டினார்கள். வலது உட்கார்ந்தது, இடதைப் புரதம் துப்பியது. ஒரு உறுப்பினர், குறிப்பு வரியெல்லாம் ஆதாரம் ஆகாது என்றார். பிறகு தாளைக் கொடுத்தார்கள். காஜா மைதீனின் பேனா முள்வேலி போட்டது. மூன்று சுற்று போவதற்குள் பேனா கையை விட்டு விழுந்தது. ரஹ்மத் பீவி அதைக் குனிந்து எடுத்துத் தம்பியின் சட்டைப்பையில் செருகிவிட்டு, தன் சுருளைத் தொடங்கினாள். நடுவிலிருந்து வெளியே, வெளியே. பிசகாமல் வந்தது. தாளின் விளிம்பு வரைக்கும் போய், இன்னொரு தாள் வேண்டுமா என்று கேட்டாள். அதற்கப்புறம் மாதிரியைப் பற்றி யாரும் பேசவில்லை. நாம் போட்டுக் கொடுத்த புரதமே தப்போ என்று ஒருவர் மட்டும் முனகினார்.

ஆணை ஒரு வாரத்தில் வந்தது. முதல் பக்கம், எல்லா மாவட்டத்திலும் இனி இடக்கை மருந்து, நோயாளிகள் முப்பத்தெட்டுப் பேருக்கும் முதல் மாத மாத்திரை தலைமையகத்திலிருந்தே உடனே. இரண்டாம் பக்கம், தங்கபுஷ்பத்துக்கு ஆறு மாதத் தற்காலிகப் பணிநீக்கம், சிற்றம்பலத்துக்குக் கண்டனக் கடிதம், காஜா மைதீனுக்கு எச்சரிக்கை. யார்மேலும் கோபப்பட அவளுக்கு ஒன்றும் இல்லை. அழுகை மட்டும் வந்தது, அழுதாள். முப்பத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்து அழுதாளா, ஆறு என்ற எண்ணைப் பார்த்தா என்று அவளுக்கே தெரியாது.

அவள் இடத்துக்கு ஆள் வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் தலைமையகம் அனுப்பிய திருத்திய கோப்பை உள்ளே வாங்கினாள். ஏழாம் கார்பனில் கை அழுத்தமாகக் குறித்திருந்தது. மூலையில் முக்கோணம் இல்லை. காஜா மைதீனின் பன்னிரண்டாவது படிவத்தில், முதல் முறையாக, பார்த்துப் பூஜ்யம் போட்டாள். பிறகு பழைய ஆர்வம் விடாமல் கோப்பை எழுத்தாகத் திறந்தாள்.

மூன்றாவது வரி காலியாக இருந்தது. தேவையற்ற எழுத்துகள் நீக்கப்பட்டன என்று கூட வந்த கடிதத்தில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். கோப்பைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அதை எழுதிய மனிதரையும் சேர்த்து.

தங்கபுஷ்பம் சுட்டியை அந்தக் காலி வரியில் கொண்டுபோய் வைத்தாள். அங்கே எதை எழுதினாலும் மருந்தில் ஒரு அணுவும் அசையாது. எந்த இயந்திரமும் அதைப் படிக்கப் போவதில்லை. அவர் தட்டிய மாதிரியே ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினாள்.

‘சா.வே. சொன்னது சரி. குறிச்சாச்சு.’

வெளியே வந்தபோது வாசலில் பேருந்து நின்றது. ஒரு மாதம் முழு மாத்திரை விழுங்கி, தகுதிச் சோதனையில் மறுபடியும் தேறி, காஜா மைதீன் வண்டி எடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவேன் என்று நேற்றே சொல்லியிருந்தார். முன் இருக்கையில் ரஹ்மத் பீவி ஒரு ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். தங்கபுஷ்பத்தைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல், மூடியில் தேநீரை ஊற்றி நீட்டினாள். பேருந்து தென்பொய்கைச் சாலையில் ஏறி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. தேநீரில் பாதி தங்கபுஷ்பத்தின் சேலையில் கொட்டியது.

அவள் பதறிப்போய் ரஹ்மத் பீவியின் கையைப் பார்த்தாள்.

“அது ரோடும்மா,” என்று சிரித்தாள் ரஹ்மத் பீவி. “என் கை இல்ல.”